கணவாய் தாண்டி வந்த மருமகள்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு கேலி உண்டு. பெண் வீட்டார் கேட்பது இரண்டே இரண்டுதானாம்: மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருக்க வேண்டும், மாப்பிள்ளை தோட்டத்தில் இருக்கக் கூடாது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் மோருக்கு முன்னால் இந்தப் பேச்சு வந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது தாண்டிய பையன் வீட்டில் இருப்பவர்கள் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள்.

என் பெரியப்பா மகன் அப்படி நின்றுபோனவர்களில் ஒருவர். எட்டு ஏக்கர் நிலம். பாதி கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், மீதி கிணற்றுத் தண்ணீரில் நிற்கும் தென்னை. பி.காம். படித்தவர், குடிப்பழக்கம் கிடையாது. இருபத்தாறு வயதில் ஜாதகத்தைக் கையில் எடுத்தார்கள். முதலில் நல்ல சீர் செய்கிற இடமாகப் பார்த்தார்கள். முப்பதைத் தொட்டதும் “போடுவதைப் போடட்டும்” என்று இறங்கி வந்தார்கள். அதன் பிறகு “நாமே நகை போட்டுக் கூட்டி வந்துவிடலாம்” என்றார்கள். அதற்கும் ஆள் இல்லை. எங்கள் கவுண்டர் சாதிப் பெண்கள் பொறியியல் படித்துவிட்டு பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போயிருந்தார்கள். மாட்டுக்குத் தீனி போடாத மாப்பிள்ளைதான் அவர்களுக்கும் வேண்டும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் வேண்டும். இதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. நானும் கோவையில் கணக்கு எழுதுகிறவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தரகர் வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்: “பாலக்காட்டுப் பக்கம் பார்க்கலாங்களா?” திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவர்கள் என்ன ஆட்கள்?” தரகர் இந்தக் கேள்விக்கு எத்தனையோ திண்ணைகளில் பதில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, யோசிக்கவே இல்லை. “நம்மைப் போலத்தானுங்க. பண்ணையம் பார்க்கிறவர்கள்.” பெரியப்பா தலையாட்டினார். இரண்டாவது கேள்வி கேட்கப்படவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத இரண்டாவது கேள்வியைப் பற்றியது. எங்கள் ஊரில் சாதி விசாரிப்பது என்றால் கூட்டம் (குலப்பிரிவு) என்ன, காணியூர் (அந்தக் கூட்டத்தின் பூர்வீக ஊர்) எது, குலதெய்வம் எது, தாய்வழி எந்தக் கூட்டம் என்று நான்கு தலைமுறைக்குத் தோண்டுவார்கள். ஒரே கூட்டத்தில் பெண் எடுக்கக் கூடாது, அவர்கள் பங்காளிகள். அப்படிப்பட்ட பெரியப்பா “பண்ணையம் பார்க்கிறவர்கள்” என்ற ஒற்றை வரியோடு திருப்தி அடைந்தார் என்றால், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார் என்றே பொருள். பெண்ணின் அப்பா நெம்மாறைக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கூலி வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் எந்தச் சாதி என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இன்று தெரியும். எவரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஊருக்குச் சொல்லிவைத்தது “அங்கத்து நாயர்” என்று.

இதில் எனக்கு வியப்பு தருவது வேறொன்று. கொங்கு நாடு என்றைக்கும் ஒரே மொழி பேசியதில்லை. தமிழில் சந்தை செய்துவிட்டு வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற கம்மவார் நாயுடுகள், கன்னடம் பேசுகிற ஒக்கலிகர்கள், தறியோடு வந்த தேவாங்கச் செட்டியார்கள், தெலுங்கு பேசும் அருந்ததியர்கள் என்று ஒரே ஊருக்குள் மூன்று நான்கு மொழிகள் பல நூற்றாண்டுகளாகக் குடியிருக்கின்றன. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் நாயுடு வீட்டுத் தோட்டம். வாய்க்கால் ஒன்று, வரப்பு ஒன்று, மாரியம்மன் பண்டிகை ஒன்று. அந்த வீட்டில் என் அண்ணன் வயதுக்கு ஏற்ற படித்த பெண் இருந்தாள். தரகருக்கே அது தோன்றியிருக்காது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணின் சாதி ஊருக்கே தெரியும், அவளை எடுத்தால் மூடி மறைக்க வழியில்லை. கேரள எல்லையான வாளையாற்றுக்கு அப்பால் இருக்கும் பெண்ணின் சாதியை நாம் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாம். மொழி வேறு, சோறு வேறு, சாமி கும்பிடும் முறை வேறு என்றாலும் அந்தத் தூரம்தான் அவளை எங்கள் வீட்டுக்கு ஏற்றவளாக்கியது.

பெண் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு வருவோம். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள். சேலம் மாவட்டத்தில் 851. 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்யும் மத்திய சட்டம் 1994இல் வந்தது. கோவைப் பக்கத்துக் கணக்கு சேலத்தைப் போல அவ்வளவு மோசமில்லை என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே வேறு வழி: ஒரே பிள்ளை. நிலம் துண்டாகக் கூடாது, சீர் செய்து மாளாது, ஆகவே ஒன்றோடு நிறுத்து. அந்த ஒன்று ஆணாகப் பிறந்துவிட்டால் அப்போதே அறுவை சிகிச்சை. பெண்ணாகப் பிறந்தால் இன்னொன்றுக்குப் பார்ப்பார்கள். என் அண்ணனுக்குப் பிறகு பெரியம்மா கருவுற்றிருந்ததையும், ஈரோட்டுக்குப் போய் ‘ஸ்கேன்’ எடுத்துவிட்டு வந்ததையும், அதன் பிறகு கொஞ்ச நாள் படுத்திருந்ததையும் என் அம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதற்குமேல் சொல்லவில்லை.

ஆகவே இணைச்சீருக்கு ஆள் இல்லை. எங்கள் கல்யாணத்தில் பிராமணப் புரோகிதரைவிட, சீர்களை நடத்திவைக்கும் எங்கள் சாதிப் பெரியவரான அருமைக்காரர்தான் முக்கியம். குடிமகன் (ஊர் நாவிதர்) மங்கல வாழ்த்துப் பாடுவார், கம்பர் பாடிக் கொடுத்தது என்பது நம்பிக்கை. தாலி கட்டுவதற்கு முன்னால் நடக்கும் சீர்களில் மிக நீண்டதும் மிக அழகானதும் இணைச்சீர்தான். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச் சேலை வைத்த கூடையோடு அவன் பக்கத்தில் வந்து சேர்கிறாள். அண்ணனுக்குக் கல்யாணமாகிவிட்டதால் தங்கைக்குப் பிறந்த வீட்டு உறவு விட்டுப்போகாது, நாளைக்கு இவள் பிள்ளைக்கும் அவன் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று ஊரறியச் சொல்லும் சடங்கு என்பது பெரியவர்கள் தரும் விளக்கம். அண்ணனுக்கு உடன்பிறந்தவள் இல்லாததால் சித்தப்பா மகளான நான்தான் கூடையைச் சுமந்தேன். என் கல்யாண வயதுத் தோழிகளில் பாதிப் பேர் இப்படி யாரோ ஒரு பெரியப்பா மகனுக்குக் கூடை சுமந்தவர்கள். இன்று மண்டபத்துக்கு மண்டபம் இரவல் தங்கைகள்தான். தங்கையைப் பிறக்க விடாத வீடுகள் சீருக்குத் தங்கையைத் தேடுகின்றன, பிறகு மனைவியைத் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போகின்றன. மேடையில் என் தலையில் கூடை கனத்தபோது இதையெல்லாம் நான் நினைக்கவில்லை. பூ வைத்த இடம் அரித்தது, அதுதான் நினைவிருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் எங்களுக்குப் புதிய வழி ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த வாசல் அது. சேர நாட்டுக் கடற்கரையில் இறங்கிய ரோமானியக் காசுகள் அந்த வாசல் வழியாக வந்துதான் எங்கள் மண்ணில் புதைந்தன. 1956 நவம்பர் 1 வரை, பாலக்காடு அடங்கிய மலபாரும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து ஜில்லாக்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசும் கவுண்டர் தோட்டங்கள் இன்றும் நிறைய உண்டு. அவர்களோடு கொள்வினை கொடுப்பினை எப்போதும் இருந்தது. மாநில எல்லை போட்ட பிறகும் அது நிற்கவில்லை. எல்லை வழியாக இங்கிருந்து அங்கே போகிறவை நாமக்கல் முட்டை, பல்லடம் கறிக்கோழி, பொள்ளாச்சிச் சந்தை மாடு, காங்கயத்தில் கொப்பரை காயவைத்து ஆட்டிய தேங்காய் எண்ணெய். அங்கிருந்து இங்கே வருவது சிறுவாணித் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீருக்கு இரண்டு அரசுகளும் 1970இல் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன; அதன் மேல் வருடா வருடம் சண்டையும் வைத்திருக்கின்றன. பெண்கள் வருவதற்கு ஒப்பந்தமும் இல்லை, கணக்கும் இல்லை.

அவர்கள் ஏன் வருகிறார்கள்? 2011இல் கேரளத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1084 பெண்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு “அங்கே பெண் அதிகம், இங்கே பெண் குறைவு, தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும்” என்று எங்கள் தாலுகாவில் அறிவாளிகள் விளக்குவார்கள். நங்கையா (அண்ணனின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) சொன்ன காரணம் இதைவிடச் சுருக்கமானது. “அப்பாவுக்கு மூன்று பெண்கள். சேச்சியின் கல்யாணக் கடனே தீரவில்லை. உங்கள் ஆட்கள் பொன் கேட்கவில்லை.” அவ்வளவுதான். கேரளத்துப் பவுன் கணக்கு எங்கள் கணக்குக்குச் சற்றும் இளைத்ததில்லை. நகையும் துணியும் மண்டபமும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு, தரகர் கூலியும் இந்தப் பக்கமே. வரதட்சணை தலைகீழாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். பெண் வீட்டுக்கு எதுவும் போகவில்லை. செலவு மிச்சமானது, மகள் தூரமானாள்.

முதல் வருடம் எப்படி இருந்தது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியம்மா வீட்டில் கடலை எண்ணெய்தான். வாசலில் தென்னை நிற்கிறது, காங்கயம் முழுக்கக் கொப்பரை காய்கிறது, ஆனால் தேங்காய் எண்ணெயைத் தலைக்குத்தான் வைப்போம். நங்கையாவுக்குக் கடலை எண்ணெய் வாடையே ஆகவில்லை. கொள்ளுப் பருப்பும் அரிசிம்பருப்பும் அவர் தொண்டையில் இறங்கவில்லை. பெரியம்மாவுக்குக் கோபம் சோற்றின் மீதில்லை. மருமகள் விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரமுடியோடு மாடு கட்டும் தொண்டுப்பட்டிக்குப் போவதுதான் பிடிக்கவில்லை. “ஈரத்தோடு போனால் மாடு பால் மறக்கும்” என்பார். அப்படி ஒரு சாத்திரம் இருப்பதாக நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை, மருமகளுக்கென்று புதிதாகச் செய்தது என்றே நினைக்கிறேன். மாமியாரின் குறையை யாரிடமாவது கொட்டலாம் என்றால் நங்கையாவுக்கு வாயில் மொழி இல்லை. எங்கள் ஊர் மருமகள் என்றால் மூன்றாவது வீட்டில் ஒரு அத்தை இருப்பாள், அடுத்த ஊரில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) இருப்பார், சந்தையில் பார்த்தால் சொல்லி அழலாம். இவருக்கு அழுவதற்கே கோவை உக்கடத்தில் பஸ் மாற வேண்டும்.

ரேஷன் கார்டு தனிக்கதை. இங்கே பெயர் சேர்க்க வேண்டும் என்றால் அங்கே பெயர் நீக்கிய சான்று வேண்டும். அதை வாங்கப் போனால் அங்கே கல்யாணப் பதிவுச் சான்று கேட்டார்கள். கல்யாணம் நடந்தது கேரளத்துக் கோயிலில், வரவேற்பு இங்கே மண்டபத்தில், பதிவு எங்கேயும் செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மலையாளத்தில் இருந்த சான்றிதழை இந்த அலுவலகத்தில் படிக்க ஆளில்லை. நங்கையாவே எழுத்தருக்குப் படித்துச் சொன்னார். அவர் படித்த அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் ஊரில் யாரோ ஒருவர் அவர் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்ட முதல் தடவை என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

குழந்தைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நெம்மாறையிலிருந்து நங்கையாவின் தம்பி கசவு வேட்டியோடு வந்திறங்கினார், ஒரு பை நேந்திரங்காய் வறுவலோடு. தாய்மாமன் சீர் என்றால் எங்கள் ஊரில் தட்டு வரிசை, மேளம், ஊர்வலம். அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது. “இப்போது எழுந்திருங்கள், இப்போது உட்காருங்கள், தட்டைக் கொடுங்கள்” என்று குலதெய்வக் கோயிலில் ஆளுக்கொரு பக்கம் ஏவினார்கள். தட்டுகளை முதல் நாள் இரவே அண்ணன் காங்கயத்தில் வாங்கிக் கோயில் மண்டபத்தின் பின்னால் வைத்திருந்தார். மைத்துனன் கொண்டுவந்ததாக அவை முன்னால் வந்தன. ஊருக்கும் தெரியும். ஊரும் தட்டை எண்ணியது. அந்தப் பையன் மட்டும் மடியில் அழுத குழந்தைக்கு மலையாளத்தில் ஏதோ பாடிக்கொண்டே இருந்தான், ஆசாரி ஊசியை எடுத்தது குழந்தைக்குத் தெரியவேயில்லை.

எல்லை என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குப் புரிந்தது 2020இல்தான். ஊரடங்கில் வாளையாறு அடைக்கப்பட்டது. இரண்டு மாநிலங்களின் அனுமதியும் இல்லாமல் யாரும் கடக்க முடியாது. மே மாதம் நங்கையாவின் அப்பா இறந்துபோனார். விண்ணப்பம் போட்டார்கள், அனுமதி வருவதற்குள் எரித்துவிட்டார்கள். தம்பி கைப்பேசியில் காட்டினான். அன்றைக்குப் பெரியம்மா செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சம்பந்தி இறந்தால் எங்கள் வழக்கத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதை அந்தத் தோட்டத்து வீட்டிலேயே செய்தார். மருமகள் தலையில் தண்ணீர் ஊற்றினார், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வழியில்லாததால் தன் பீரோவிலிருந்து ஒரு சேலை எடுத்துக் கட்டச் சொன்னார். பத்து வருடம் ஈர முடிக்குச் சண்டை போட்ட அதே பெரியம்மாதான்.

எல்லைப்புறச் சமூகங்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. 1670இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி கனடாவுக்கு மென்மயிர்த் தோல் வாங்கப் போனது. கம்பெனி ஆட்கள் அங்கத்துப் பழங்குடிப் பெண்களை ‘நாட்டு வழக்கப்படி’ மணந்துகொண்டார்கள். பனியில் நடக்கும் காலணியைப் பின்னியதும், காட்டெருமை இறைச்சியை இடித்துக் கொழுப்பில் பிசைந்து மாதக்கணக்கில் கெடாத உணவாக்கியதும், இரண்டு பக்கத்துப் பேச்சையும் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்கள்தான். அவர்கள் இல்லாமல் வியாபாரமே இல்லை. 1830இல் கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொந்தத்திலேயே ஒரு பெண்ணை மணந்து கூட்டி வந்தார். அதுவரை அவர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மார்கரெட் டெய்லர் வேறொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்டாள். வெள்ளைக்காரப் பெண்கள் வரத் தொடங்கியதும் நாட்டு வழக்கம் கேவலமாகிவிட்டது. நம்முடைய தாலிக்கும் பதிவுச் சான்றுக்கும் அந்த அளவுக்கு ஆபத்து இல்லைதான். ஆனாலும் ஊரில் ஒருவனுக்குச் சொந்தச் சாதியில் பெண் அமைந்துவிட்டால் “பரவாயில்லை, நம்மிலேயே கிடைத்துவிட்டது” என்று நங்கையாவின் எதிரிலேயே சொல்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு மார்கரெட் டெய்லர் நினைவுக்கு வருகிறாள்.

மகன் வீட்டுக்குக் கணவாய் திறந்தது. மகளுக்கு? 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் எங்கள் சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் பொறியாளர் கடத்தப்பட்டார். உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. வழக்கு மதுரைக்குப் போய், 2022 மார்ச்சில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கிற அர்த்தநாரீசுவரர் கோயில் அது. தமிழ் பேசுகிற, பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற ஒருவனோடு ஒரு பெண் பேசியதற்கு இது விலை. அதே வட்டாரத்தில் மொழியே தெரியாத ஒரு பெண்ணைத் தரகர் காட்டிய புகைப்படத்தை வைத்து வீட்டுக்குள் அழைத்து விளக்கேற்றச் சொல்கிறோம். மருமகள் பெறும் பிள்ளை நம் கூட்டம். சாதிச் சான்றிதழ் அப்பன் பெயரில். மகள் பெறும் பிள்ளை வேறொருவன் கூட்டம். 1989இல் தமிழ்நாடு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் போட்டது. அன்றிலிருந்து மகள் யாரோடு போகிறாள் என்பது எட்டு ஏக்கரில் எத்தனை ஏக்கர் போகிறது என்ற கேள்வியாகவும் ஆகிவிட்டது. கேரளத்திலிருந்து வருகிறவள் நிலம் கொண்டுவருவதில்லை, கொண்டுபோவதும் இல்லை. இத்தனை சுலபமான மருமகள் எங்களுக்கு வேறெங்கே கிடைப்பாள்?

பாவம், வாயில்லாப் பூச்சிகள் என்று இவர்களைப் பற்றி எழுதிவிடுவதும் சரியில்லை. நங்கையா இப்போது பேசும் கொங்குத் தமிழுக்கு முன்னால் என் தமிழ் எடுபடாது. பால் சொசைட்டிக் கணக்கு அவர் கையில். ஏப்ரலில் நெம்மாறை வேலா என்கிற கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் போகிறார். மூன்று வருடமாகப் பெரியம்மாவும் கூடப் போய் யானை பார்த்துவிட்டு, வெடிச்சத்தத்தில் காது போய்விட்டது என்று திட்டிக்கொண்டே திரும்புகிறார். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கிற பாலக்காட்டு, திருச்சூர் மருமகள்கள் ஓணத்துக்கு ஒரு வீட்டில் கூடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஏமாற்றப்பட்டு வந்தவள். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இருப்பதை மறைத்திருந்தார்கள். அவளுக்கு வழக்கறிஞர் பிடித்ததும், அங்கிருந்து அண்ணனை வரவழைத்ததும் இந்தப் பெண்கள்தான். எங்கள் சங்கங்களில் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

எழுதிங்கள் சீர் மட்டும் நங்கையாவுக்கு இன்னும் நடக்கவில்லை. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் முன்னின்று செய்கிற சீர் அது. அதைச் செய்துகொண்டவள்தான் மற்றவர்கள் கல்யாணத்தில் அருமைக்காரியாக நிற்கலாம். இப்போது எங்கள் வீடுகளிலேயே பலர் அதை விட்டுவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் மற்றவர்களுக்கு அது விட்டுப்போனது, இவருக்குக் கேட்கப்படவே இல்லை. ஒரு முறை பெரியம்மாவிடம் இதைப் பேசிப் பார்த்தேன். “அவர்கள் வீட்டில் யார் வந்து செய்வது?” என்றார். தட்டு வாங்கி மண்டபத்துக்குப் பின்னால் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று கேட்டேன். பதில் இல்லை.

நங்கையாவின் மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இந்தத் தை மாதக் கல்யாணம் ஒன்றில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கண்ணு நன்றாக வளர்ந்துவிட்டாளே, எங்கள் பேரனுக்கு இப்போதே சொல்லிவைத்துக்கொள்கிறேன்” என்றார். அவள் அம்மா எந்த ஊர் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பெண் இருந்தால் போதும் என்ற காலத்தில் அதையும் யாரும் கேட்கப் போவதில்லை. பெரியம்மாவுக்கு வாயெல்லாம் பல். நங்கையா இலையில் இருந்த ஒப்புட்டைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: “பிளஸ் டூ முடித்ததும் பாலக்காட்டில் காலேஜ் சேர்க்கிறேனுங்க. அங்கேயே யாரையாவது பார்த்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான். எனக்கும் போய் வர ஒரு வீடு ஆகும்.” பெரியவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை; மகள் தன் பங்கு ஒப்புட்டையும் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள்.